அக்கா கத்தரித்த நூல்கள்

எல்லாம் வல்ல இறைவனுக்குத் தோத்திரம்.

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இந்தப் பனியிலும் நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்தச் சிறு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், பங்கு மக்களுக்கும், டீ ஃபாக்டரியில் அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

என்னை எழுதச் சொன்னபோது நான் மறுத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்து வேலை என்று செய்தது ஷிப்ட் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டது மட்டும்தான். "உங்களவிட அத்தையப் பத்தி யாருக்குப்பா தெரியும்?" என்று மகள் கேட்டாள். எனக்கும் அப்படித்தான் நினைப்பு. பிறந்ததிலிருந்து ஒரே கூரையின் கீழ் இருந்தோம், எனக்குத் தெரியாமல் அக்காவிடம் என்ன இருக்கப்போகிறது என்று இருந்தேன். போன மாதம் ஒரு நாள் அந்த நினைப்பு போய்விட்டது. ஆகவே தெரிந்ததையும் தெரியாமல் போனதையும் நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. அக்கா தம் கடைசி ஆண்டில் நான்கு மாத காலம் நற்கருணை வாங்க எழுந்து போகவில்லை. கோயிலுக்குத் தவறாமல் வந்தார். முழங்காலில் நின்றார், பாடினார். எல்லோரும் வரிசையில் போகும்போது மட்டும் பெஞ்சிலேயே இருந்துவிட்டார். ஏன் என்று பலர் என்னைக் கேட்டீர்கள். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அதற்கும் பதில் இதில் இருக்கிறது. அதில் என் தப்பும் ஒன்று இருக்கிறது.

அக்கா குன்னூருக்குக் கீழே ஒரு டீ எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தார். அப்பா மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். அம்மா கொழுந்து பறித்தார். அக்காவுக்கும் எனக்கும் பதினோரு வயது வித்தியாசம். நடுவில் பிறந்த இரண்டு பேர் தங்கவில்லை. எனக்கு ஆறு வயதில் அப்பா போனார், ஒன்பது வயதில் அம்மாவும் போனார். அப்போது அக்காவுக்கு இருபது வயது. ஃபாக்டரியில் பேக்கிங் பகுதியில் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த வேலையை வைத்துத்தான் என்னை வளர்த்தார், பிறகு கோத்தகிரி பக்கத்தில் அரவேணுவில் இந்த வீட்டையும் கட்டினார்.

கல்யாணப் பேச்சு வரத்தான் செய்தது. ஒரு முறை மாப்பிள்ளை வீட்டார் வந்து காப்பி குடித்து, "பையன் யாருங்க, கூடவேவா வருவான்?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்கள். அதற்குப் பிறகு யார் பேசினாலும் அக்கா, "எனக்கு பேக்கிங் ஆயி முத்திரையும் குத்தியாச்சுங்க. இனிப் பிரிச்சா சரக்கு கெட்டுப்போயிரும்" என்று சிரித்துவிடுவார். கேட்டவரும் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் எதற்குச் சிரித்தேன் என்று புரியவில்லை.

நாற்பது வருடம் பேக்கிங். முதலில் பலகைப் பெட்டி, பிறகு காகிதச் சாக்கு, பிறகு கால் கிலோ பாக்கெட். எல்லோருக்கும் அவர் "பேக்கிங் அக்கா"தான். இடுப்பில் நாடாவில் ஒரு சின்னக் கத்தரி எப்போதும் தொங்கும். சாக்கின் வாயில் தைத்த நூல் ஒரு விரல் நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் கத்தரித்துவிட்டுத்தான் லாரியில் ஏற்ற விடுவார். "உள்ள இருக்கறத யாருடா பிரிச்சுப் பார்க்கறாங்க? நூலு தொங்குனா சரக்கே மட்டம்னு திருப்பி அனுப்பிச்சிருவாங்க" என்பார். வீட்டிலும் அதே பழக்கம். என் சட்டைப் பொத்தானில் நூல் நீட்டியிருந்தால் தெருவில் நிறுத்திக் கத்தரிப்பார். கோயில் திருவிழாவுக்குப் பொங்கல் பொட்டலம், கிறிஸ்துமஸ் கேக் அட்டை எல்லாம் அவர் கையால் மடித்தவை. அவர் மடித்த பொட்டலம் பிரிந்து நான் பார்த்ததில்லை.

அந்த அறையில் பறந்த டீத்தூள் நெஞ்சில் தங்கிவிட்டது. ரிட்டயர் ஆன பிறகு இருமல் அதிகமானது. ஆனாலும் சும்மா இருக்க மாட்டார். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, காய்ந்த ரோஜா இதழ் எல்லாம் சேர்த்து எங்கள் அம்மா அரைத்த குளியல் பொடியை, பங்கின் மாதர் சங்கத்துப் பெண்களோடு சேர்ந்து அரைத்து விற்கத் தொடங்கினார். வாங்கியவர்கள் மறுபடி வந்து வாங்கினார்கள். புதிதாக யாரும் கையில் எடுப்பதில்லை. வெள்ளை டப்பா, அதில் பச்சை எழுத்து, அவ்வளவுதான்.

ஊட்டி மலர்க் கண்காட்சி சமயத்தில் சங்கத்துக்கு ஒரு மேசை கிடைத்தது. பக்கத்து மேசை தோடர் பெண்மணி ஒருவருடையது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் வேலை செய்த போர்வைகள், பைகள் வைத்திருந்தார். பெயர் நீலம்மா. அக்கா வயதுதான் இருக்கும். அவருடைய மேசையில் கூட்டம் நெரிந்தது.

"உங்களுதுக்கு அட்டையே இல்ல, அள்ளிட்டுப் போறாங்க. எங்களுத மோந்து பார்த்துட்டு அப்படியே வெச்சுட்டுப் போறாங்க" என்று அக்கா சொன்னார்.

நீலம்மா ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து முகர்ந்தார். "பொடி நல்லாத்தான் இருக்குதுங்க. டப்பாதான் எலி மருந்தாட்டம் இருக்குது."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அக்கா விட்டிருக்க மாட்டார். அன்றைக்கு இருமல் வரும்வரை சிரித்தார். அப்படித்தான் இருவரும் சிநேகமானார்கள். அடுத்த ஆண்டும் பக்கத்துப் பக்கத்து மேசை கேட்டு வாங்கினார்கள். அந்த முறை நீலம்மா கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய துணி ஒன்றைத் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "இதப் படம் எடுத்து உங்க அட்டையில போட்டுக்குங்க. எங்க மந்துல எல்லார்த்தையும் கேட்டுட்டுத்தான் குடுக்கறேன். தைச்சது நாங்கன்னு ஒரு வார்த்தை எழுதினாப் போதும்" என்றார். மந்து என்பது அவர்கள் குடியிருப்பு.

என் மகள் கோயம்புத்தூரில் டிசைனிங் படித்தவள். அட்டை வேலையை அவள் ஏற்றுக்கொண்டாள். எங்கள் வீட்டு மேசையில் துணியை விரித்து வைத்து அத்தையும் மருமகளும் ஒரு வாரம் வாதாடினார்கள்.

"அத்தை, மேல ஹெரிட்டேஜ்னு போடணும். இப்ப அதுக்குத்தான் மதிப்பு."

"அப்படின்னா?"

"பாரம்பரியம். பழசு."

"பழசுன்னு எழுதினா யாரு கண்ணு வாங்குவாங்க? எக்ஸ்பயரி ஆயிருச்சுன்னு நெனைப்பாங்க."

அந்தத் துணிக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் வேலை வழவழவென்று, அச்சடித்ததுபோல் படிந்திருந்தது. மறுபக்கம் நூல்கள் சின்னச் சின்னதாக மேலே எழும்பி, தடவினால் மேடு தட்டியது. அக்கா நாற்பது வருடம் பார்த்த கண்ணால் பார்த்தார். வழவழப்பு முன்பக்கம், நூல் நீட்டுவது பின்பக்கம். எங்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மகள் வழவழப்பான பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனாள். பிறகு துணியை மடித்து வைக்கும்போது அக்கா அதைத் திருப்பிப் பார்த்து, "இவ்வளவு நல்லாத் தைச்சுட்டு பின்னால பிசிற அப்படியே உட்டுட்டாங்களே. கண்ணு தெரியல போல" என்று சொல்லி, கத்தரியை எடுத்து ஒரு மூலையிலிருந்து நூல்களைக் கத்தரித்துக்கொண்டு வந்தார். சிநேகிதிக்கு ஓர் உதவி என்றுதான் செய்தார். உள்ளங்கை அகலம் முடிந்தபோது ஜெபமாலைக்கு நேரமாகிவிட்டது. மீதியை விட்டுவிட்டு எழுந்தார். மாதாதான் அவரை எழுப்பிவிட்டார் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டைகள் அச்சாகி வந்தன. பார்க்க மிக அழகு. அக்கா ஒன்றை மடித்து மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஆடி மாதம், மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை. கோத்தகிரிக்கு வேறு வேலையாக வந்த நீலம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. டீ போட்டு, பன் வைத்து, அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். நீலம்மா பார்த்தார். அட்டையைக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இதென்னங்க, பின்பக்கத்தப் போட்டிருக்கறீங்க?"

"பின்பக்கமா?"

"ஆமாங்க. நாங்க இந்தப் பக்கமிருந்து தைப்போம். மேல போத்தறப்ப மேட்டுப் பக்கந்தான் வெளிய தெரியும்." அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சட்டையத் திருப்பிப் போட்டுட்டு போட்டோ எடுத்தாப்பல இருக்குது. துணிய எடுத்துட்டு வாங்க, காட்டறேன்."

அக்காவும் சிரித்துக்கொண்டேதான் பீரோவைத் திறந்தார். நீலம்மா துணியை விரித்தார். திருப்பினார். விரலால் தடவிக்கொண்டே வந்தவர் ஒரு மூலையில் நின்றார்.

"இங்க இருந்ததெல்லாம் எங்கீங்க?"

"எதுங்க?"

"நூலு."

"பிசிறா? அதெல்லாம் நானே சுத்தமா கத்தரிச்சுட்டனுங்க" என்றார் அக்கா. பெருமையாகத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகு அவருக்கே விளங்கிவிட்டது.

அது பிசிறு இல்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணி, ஒவ்வொரு தையலிலும் நூலை முழுக்க இழுக்காமல் கொஞ்சம் மேலே நிற்கவிட்டு வைத்திருந்தார்கள். அந்த மேடுதான் அந்த வேலையின் முகம். அக்கா முதுகை அச்சடித்துவிட்டு முகத்தைக் கத்தரித்திருந்தார்.

நீலம்மா, "அப்படீங்களா" என்று மட்டும் சொன்னார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். துணி மேசைமேலேயே கிடந்தது. அக்கா வாசல்வரை பின்னாலேயே போனார். பஸ் வந்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு. அன்றிலிருந்துதான் அக்கா நற்கருணைக்கு எழுந்து போகவில்லை. முதலில் நான் கவனிக்கவில்லை. மூன்றாம் வாரம் கேட்டேன். "அவங்க மனசக் காயப்படுத்திட்டு நான் எப்படிடா போயி ஆண்டவர வாங்கறது? அவங்க வாயால ஒரு வார்த்தை வரட்டும்" என்றார். பங்குத்தந்தையும் கூப்பிட்டுச் சொன்னாராம். "தெரியாமப் பண்ணினதுக்கெல்லாம் இப்படி இருப்பாங்களா அம்மா?" என்று. அக்கா, "வெட்டினது தெரியாமத்தான் சாமி. அவங்க டீத்தண்ணிய பாதியில வெச்சுட்டுப் போனது எனக்குத் தெரியுமே" என்றிருக்கிறார். போன் பண்ணிப் பார்த்தார். அந்தப் பக்கம் சிக்னலும் கிடைப்பதில்லை, கிடைத்தபோதும் யாரும் எடுக்கவில்லை.

அச்சான அட்டைகளை அக்கா வீணாக்கவில்லை. படம் உள்ளே போகும்படி திருப்பி மடித்து, வெறும் பழுப்பு அட்டையாக விற்றார். "என்னக்கா, படம் போட்ட டப்பா என்னாச்சு?" என்று கடைக்காரர்கள் கேட்டார்கள்.

ஊருக்குள் பேச்சு வேறு மாதிரி கிளம்பியது. பேக்கிங் அக்கா வேறு சபைக்குப் போகப் போகிறார் என்றார்கள். தம்பி மனைவி நடத்துகிற விதம் சரியில்லை, அந்த வருத்தத்தில்தான் இப்படி என்றும் பேசினார்கள். என் மனைவி அடுப்படியில் நின்று அழுதிருக்கிறாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்ன கண்ணு பண்ணுவே, என் கத்தரி பண்ணின வேலை" என்றார். பேசியவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. காரணம் தெரியாவிட்டால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

ஐப்பசியில் மூச்சு மிகவும் சிரமமாகிவிட்டது. மேடு ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு புதன்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு லீவு போட்டுட்டு நீ போயிட்டு வாடா. நானே வந்ததா நெனச்சுக்கச் சொல்லு. அவங்க என்ன சொல்றாங்களோ அப்படியே வந்து சொல்லு. ஒரு வார்த்தை கூட்டாத, கொறைக்காத" என்றார்.

வியாழக்கிழமை போனேன். ஊட்டியில் பஸ் மாறி, நடுவட்டம் போகிற சாலையில் பாதி வழியில் இறங்கி, புல் மேட்டில் முக்கால் மணி நேரம் நடந்தேன். நீலம்மா வீட்டு முன்னால் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒரு முறை தலையை ஆட்டினார். மறுபடி கண் துணிமேல் போய்விட்டது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. உட்காரச் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. நின்றபடியே அக்கா சொல்லச் சொன்னதையெல்லாம் சொன்னேன். நற்கருணை வாங்காததையும் சொன்னேன். நான் முடித்த பிறகும் அவர் நிமிரவில்லை. வெகுநேரம் கழித்து நூலை முடிச்சுப் போட்டு, உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்தார்.

"குடிங்க. மழ வந்துட்டிருக்குது, பஸ்ஸு போயிரும்."

அவ்வளவுதான். நான் குடித்தேன், இறங்கினேன். பாதி மேட்டில் மழை பிடித்துக்கொண்டது. வழியெல்லாம் அதே குழப்பம். மோர் கொடுத்தாரே, மன்னித்ததாகத்தானே அர்த்தம்? ஒரு வார்த்தை பேசவில்லையே, மன்னிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அரவேணுவில் இறங்கும்வரை எனக்கு ஒரு முடிவும் வரவில்லை.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். "என்னடா சொன்னாங்க?"

"மோர் குடுத்தாங்கக்கா."

"மோர் இருக்கட்டும். என்ன சொன்னாங்க?"

அவர் நெஞ்சு ஏறி இறங்கியதைப் பார்த்தேன். "சரின்னு சொல்லிப்போட்டாங்க. மனசுல ஒண்ணுமே இல்லையாம்" என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "அப்படியேவா சொன்னாங்க?"

"அப்படியேதான்."

"சரி. தலையத் தொவட்டு, காச்சல் வந்துரும்" என்று துண்டை எடுத்துக் கொடுத்தார்.

அந்த ஞாயிறு அக்கா பெஞ்சிலேயே இருந்தார். அதற்கடுத்த ஞாயிறு, என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வரிசையில் போய் நற்கருணை வாங்கினார். திரும்பி வரும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பலர் கண்ணைத் துடைத்தீர்கள். நானும் அழுதேன். சந்தோஷத்திலா பயத்திலா என்று தெரியாமல் அழுதேன். என் பொய்யை நம்பியல்லவா எழுந்து போகிறார்?

ஒரு மாதம்தான் இருந்தார். மூச்சு நிற்காமல் வாங்கியதால் குன்னூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆறு நாள். பங்குத்தந்தை வந்து நோயில் பூசுதல் கொடுத்தார். அக்கா நல்ல நினைவோடு ஜெபித்தார். படுக்கை விரிப்பின் ஓரத்தில் நீட்டியிருந்த நூலைப் பார்த்து, அதை விரலில் சுற்றி விட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏழாம் நாள் காலை, பூசைக்கு மணி அடிக்கும் நேரத்தில் ஆண்டவரிடம் போய்விட்டார்.

அடக்கத்துக்கு நீலம்மா இரண்டு பெண்களோடு வந்திருந்தார். கல்லறைவரை நடந்து வந்தார், மண் போட்டார். பிறகு என்னைத் தேடினாராம். குழி வெட்டியவர்களுக்கு டீ சொல்லப் போவதுபோல் நான் நகர்ந்துவிட்டேன். 'நான் எப்போது சரி என்று சொன்னேன்?' என்று அவர் அங்கே வைத்துக் கேட்டுவிட்டால்?

பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பொய்யை ஒப்புக்கொண்டேன். சாமியார் மன்னிப்பும் கொடுத்தார், ஜெபமும் கொடுத்தார். ஆனாலும் தீரவில்லை. மன்னிப்புக் கிடைக்காமலே கிடைத்ததாக நம்பிக்கொண்டு அக்கா போய்விட்டாரே, அங்கே ஆண்டவர் முன்னால் நின்று என்ன சொல்வார் என்று ஓர் ஆண்டு யோசித்தேன். இப்படி யோசிப்பதே சரியா தப்பா என்றும் தெரியவில்லை.

போன மாதம், இந்த நினைவுத் திருப்பலிக்கு அழைக்கிற சாக்கில் மறுபடி அந்த மேட்டில் ஏறினேன். நீலம்மா இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார். தையலைக் கீழே வைத்துவிட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காராமலே கேட்டுவிட்டேன்.

"அம்மா, அன்னிக்கு நான் வந்தப்ப நீங்க எங்க அக்காவ மன்னிச்சீங்களா இல்லீங்களா?"

"அன்னிக்கா? அன்னிக்கு நான் எண்ணிட்டிருந்தேனுங்க. நடுவுல வாயத் தொறந்தா வரிசை தப்பிரும். நான் எண்ணி முடிக்கறதுக்குள்ள நீங்க பேசி முடிச்சுட்டீங்க. பாதிதான் காதுல விழுந்துச்சு. மழைக்கு முன்னால போயிருவீங்கன்னு மோரக் குடுத்தேன்."

புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். "அப்ப எங்க அக்கா..."

"உங்க அக்காதான் வந்தாங்களே."

"எங்க?"

"இங்கதான். நீங்க வந்துட்டுப் போன அடுத்த வாரம். நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காந்தாங்க. அரை மணி நேரம் பேச்சே வரல, மூச்சுத்தான் வந்துச்சு."

நான் ஷிப்டில் இருந்த நாள் அது. சங்கத்தில் பொடி அரைக்கப் போவதாக என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நீலம்மா சொல்லும்வரை எங்களுக்குத் தெரியாது.

"துணியையும் கத்தரியையும் எம் முன்னால வெச்சாங்க" என்றார் நீலம்மா. "'எந் தம்பி வந்து நீங்க சரின்னு சொன்னதாச் சொன்னான், அவனுக்குப் பொய் சொல்ல வராதுங்க, காது செவந்துரும், மழையில நனைஞ்சு வந்தவனப் போட்டு என்னத்தக் கேக்கறது, அதான் நானே வந்துட்டேன்'னாங்க. எனக்குக் கோவமெல்லாம் இல்லீங்க தம்பி. அன்னிக்கு உங்க ஊட்டுல எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. சிரிச்சா உங்க அக்கா அழுதுருவாங்க. அழுதா நான் அங்கயே உக்காந்துருவேன். அதான் எந்திரிச்சு வந்துட்டேன். வெட்டின எடத்த மறுபடி தைச்சுத் தரட்டுமான்னு கேட்டேன். 'வேண்டாங்க, அடுத்த அச்சுல மேட்டுப் பக்கத்தப் போடறேன், மொட்டையான எடத்தையும் சேர்த்தே போடறேன், நான் பண்ணினது அதுலயே இருக்கட்டும்'னாங்க. அப்பறம் ரெண்டு பேரும் சிரிச்சோம். ரெண்டு டம்ளர் மோர் குடிச்சாங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாங்க. அடக்கத்தன்னைக்குச் சொல்லிரலாம்னு தேடினேன், நீங்க சிக்கல."

இந்த மலரோடு உங்களுக்குக் கொடுத்திருக்கும் குளியல் பொடி டப்பாவைப் பாருங்கள். சிவப்பும் கறுப்பும் நூல் மேடாகத் தெரியும். தைத்தவர்கள் யார் என்று எழுதியிருக்கிறது. வலது மூலையில் ஓரிடம் வெறுமையாக இருக்கும். அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். "சரக்கு டேமேஜ்னு சொல்லுவாங்கப்பா" என்று மகள் தயங்கினாள். அத்தை சொன்னது என்றதும் ஒத்துக்கொண்டாள்.

அக்கா நிம்மதியாகத்தான் போனார் என்று எனக்கு இப்போது தெரியும். ஆனால் என் காது சிவந்ததைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டு, ஜெபமாலை சொல்லி, ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி இருந்தார்? என்னை மன்னித்தாரா, மன்னிக்க இதில் ஒன்றுமேயில்லை என்று விட்டாரா? அது மட்டும் எனக்கு விளங்கவேயில்லை.

நன்றி சொல்லி முடிக்கிறேன். அக்காவை ஆறு நாளும் ஆவி பிடிக்க வைத்து, முதுகு தடவிவிட்ட நர்ஸ் பிள்ளைகளுக்கும், நாற்காலியோடு தூக்கி ஆம்புலன்சில் ஏற்றிய பக்கத்து வீட்டாருக்கும், பொடி அரைப்பதை நிறுத்தாத மாதர் சங்கத்துக்கும், எங்கள் பங்குத்தந்தைக்கும், மந்திலிருந்து இன்று இங்கே வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நீலம்மாவுக்கும் எங்கள் நன்றி.

கடைசியாக ஒருவருக்கு. அக்கா எங்களுக்குத் தெரியாமல் மந்துக்குப் போன அன்றைக்கு ஒரு ஜீப் அவரை அங்கே கொண்டுபோயிருக்கிறது. பாதை பாதியில் நின்றுவிடும். அதற்குமேல் ஓட்டுநரே கையைப் பிடித்து ஏற்றிவிட்டார், கடைசி மேட்டில் தூக்கிக்கொண்டே வந்தார் என்று நீலம்மா சொன்னார். பெயர் அவருக்குத் தெரியவில்லை. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி ஸ்டாண்டுகளில் கேட்டுப் பார்த்தேன், யாரும் நான்தான் என்று சொல்லவில்லை. ஐயா, உங்களை அண்ணன் என்று கூப்பிடுவதா தம்பி என்று கூப்பிடுவதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நான் கொண்டுவராத வார்த்தையை வாங்கிக்கொள்ள எங்கள் அக்காவைத் தூக்கிக்கொண்டு போனவர் நீங்கள். யாரிடமும் சொல்லாதே என்று உங்களிடமும் கேட்டுக்கொண்டிருப்பார். ஓர் ஆண்டு காப்பாற்றிவிட்டீர்கள். போதும். வீட்டுக்கு வாங்க.

அன்புடன்,
தம்பி